ஜாங்கோவை மேம்படுத்தியதும் செயலி படுத்துவிட்டதா? அறிகுறியைப் பார்த்து லைப்ரரிச் சிக்கலைத் தீர்க்கும் வழி

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப்புற ஊர்களில் சின்னச் சின்ன வலைச் செயலிகள் நிறைய ஓடிக்கொண்டிருக்கின்றன. செம்பனைக் குலை வாங்கும் நிலையத்தில் தராசுச் சீட்டு அடிக்க ஒன்று, கூட்டுறவுச் சங்கத்தின் உறுப்பினர் பதிவுக்கு ஒன்று, கோவிலில் அர்ச்சனைக்கும் காவடிக்கும் ரசீது போட ஒன்று. பெரும்பாலும் பல்கலைக்கழகத்தில் படித்த பிள்ளை யாராவது விடுமுறையில் எழுதித் தந்திருப்பார். இன்று அவர் கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ வேலையில் இருப்பார். செயலியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு, கணினி தெரிந்தவர் என்று ஊரில் பெயர் எடுத்த உங்களிடம் வந்திருக்கும். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அந்தச் செயலி, பைத்தான் மொழியில் வலைச் செயலி எழுத உதவும் சட்டகமான ஜாங்கோவின் 3.2 பதிப்பில் இருந்தால் அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2024 ஏப்ரலோடு நின்றுவிட்டன. 4.2-க்கு 2026 ஏப்ரல் வரை, 5.2-க்கு 2028 ஏப்ரல் வரை. இந்த மூன்றும் நீண்ட கால ஆதரவு உள்ள பதிப்புகள். எனவே 3.2, அப்புறம் 4.2, அப்புறம் 5.2 என்று படிப்படியாக ஏறுவதே சரியான பாதை. 3.2-இலிருந்து ஒரே தாவலில் 5.2-க்குப் போனால் எது எதனால் உடைந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாமல் போகும்.

ஜாங்கோ தான் எதை நீக்குகிறது, எதை மாற்றுகிறது என்பதை வெளியீட்டுக் குறிப்பில் எழுதிவிடுகிறது. நீக்குவதற்கு முந்தைய பதிப்புகளிலேயே எச்சரிக்கையும் தருகிறது. அதை ஒட்டி நிற்கும் லைப்ரரிகளில் (பிறர் எழுதித் தந்த ஆயத்த நிரல் தொகுப்புகள்) பலவற்றை எழுதியவர்கள் எப்போதோ கைவிட்டுப் போயிருப்பார்கள். உடைவது பெரும்பாலும் அங்கேதான். ஆகவே வரிசை முக்கியம்: முதலில் பழைய ஜாங்கோவிலேயே இருந்துகொண்டு லைப்ரரிகளை ஒவ்வொன்றாகப் புதுப்பியுங்கள். 3.2, 4.2 இரண்டையும் தாங்கும் பதிப்பு பெரும்பாலான லைப்ரரிகளுக்கு உண்டு. எல்லாம் அந்தப் பதிப்புக்கு வந்து, செயலி பழையபடி ஓடுகிறது என்று பார்த்த பிறகே ஜாங்கோவின் எண்ணை மாற்றுங்கள்.

கை வைக்கும் முன் தரவுத்தளத்தை முழுதாக நகலெடுங்கள். லைப்ரரிகளை நிறுவும் கருவியான பிப்பில் ‘பிப் ஃப்ரீஸ்’ கொடுத்தால் வரும் பட்டியலை ஒரு கோப்பில் சேமியுங்கள். புதிய மெய்நிகர் சூழல் (இந்தச் செயலிக்கு மட்டுமான தனிப் பைத்தான் அடைவு) ஒன்றை உருவாக்கி அதில் மட்டும் வேலை செய்யுங்கள். பழைய சூழலைத் தொடவே வேண்டாம்.

அறிகுறி: நிறுவும்போதே ‘ரெசல்யூஷன் இம்பாசிபிள்’ என்று நின்றுவிடுகிறது

சிவப்பு எழுத்தைப் பார்த்துப் பதற வேண்டாம். அதற்கு மேலே உள்ள சில வரிகளில் யார் என்ன கேட்கிறார்கள் என்பது தெளிவாகவே இருக்கும்: நீங்கள் ஜாங்கோ 4.2 கேட்டிருக்கிறீர்கள், ஏதோ ஒரு லைப்ரரி ‘4-க்குக் கீழே இருந்தால்தான் வருவேன்’ என்கிறது. அந்த லைப்ரரியின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

‘முன்பெல்லாம் நிறுவிக்கொண்டுதானே இருந்தது’ என்று தோன்றலாம். பிப் 20.3 வெளிவந்த 2020 கடைசி வரை, முரண்பட்ட பதிப்புகளையும் பிப் நிறுவிவிட்டு எச்சரிக்கை மட்டும் காட்டும். அதற்குப் பிறகுதான் கண்டிப்பு வந்தது. ஆகையால் உங்கள் பழைய ரிக்வயர்மெண்ட்ஸ் கோப்பில் (தேவையான லைப்ரரிகளின் பட்டியல்) முரண்பாடு ஆரம்பத்திலிருந்தே இருந்திருக்கலாம். பழைய சூழலில் ‘பிப் செக்’ கொடுத்துப் பாருங்கள், உண்மை தெரிந்துவிடும். எந்த லைப்ரரி எதை இழுத்து வருகிறது என்று மரம்போல விரித்துக் காட்ட ‘பிப்டெப்ட்ரீ’ என்ற சிறு கருவி இருக்கிறது. ‘ரிவர்ஸ்’ கொடியோடு (கட்டளையோடு சேர்த்துக் கொடுக்கும் விருப்பச் சொல்) ஓட்டினால் ஜாங்கோவை யார் யார் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று காட்டும்.

இந்த நிலையில் ‘நோ-டெப்ஸ்’ கொடி போட்டுத் திணித்து நிறுவும் ஆசை வரும். வேண்டாம். நிறுவல் முடிந்துவிடும், ஆனால் சிக்கல் எந்தப் பக்கத்தில் எப்போது வெடிக்கும் என்று உங்களுக்குத் தெரியாது.

செய்ய வேண்டியது இது. அந்த லைப்ரரிக்குப் புதிய பதிப்பு இருக்கிறதா என்று ‘பிப் இண்டெக்ஸ் வெர்ஷன்ஸ்’ கட்டளையால் பாருங்கள். இருந்தால், பைத்தான் லைப்ரரிகள் கிடைக்கும் பைபிஐ தளத்தில் அதன் பக்கத்தில் எந்தெந்த ஜாங்கோ பதிப்புகளை ஆதரிப்பதாகச் சொல்கிறார்கள் என்று வாசியுங்கள். சில ஆண்டுகளாக அசைவே இல்லை என்றால், அதே வேலையைச் செய்யும் வேறு லைப்ரரிக்கு மாறுவதா, அதைத் தூக்கியே போடுவதா என்று யோசியுங்கள். நான் எப்போதும் கடைசிக் கேள்வியைத்தான் முதலில் கேட்பேன்: இது இன்னும் தேவையா? பைத்தான் 2 காலத்துக்காகச் சேர்த்த ‘சிக்ஸ்’ தேவையில்லை. ஜேசான் புலத்துக்காகச் சேர்த்த லைப்ரரியும் தேவையில்லை, ஏனென்றால் ஜாங்கோ 3.1 முதல் எல்லாத் தரவுத்தளங்களுக்கும் அந்தப் புலம் உள்ளேயே இருக்கிறது. சிறிய செயலிகளில் பத்து வரியில் நாமே எழுதிவிடக்கூடிய காரியத்துக்கு ஒரு முழு லைப்ரரியைச் சுமப்பதைப் பல இடங்களில் பார்க்கிறேன்.

தூக்கிப் போடும்போது ஒரு கவனம். மாடலில் (தரவுத்தள அட்டவணையை வரையறுக்கும் நிரல்) ஜேசான் புலத்தை மாற்றிவிட்டாலும், பழைய மைக்ரேஷன் கோப்புகள் (அட்டவணை மாற்றங்களைப் பதிந்து வைப்பவை) அந்த லைப்ரரியை இன்னும் இம்போர்ட் செய்துகொண்டிருக்கும். லைப்ரரியை நீக்கியவுடன் மைக்ரேட் கட்டளையே ஓடாது. பழைய மைக்ரேஷன்களில் அந்தப் புல வகையை ஜாங்கோவின் சொந்தப் புல வகையாக மாற்றிய பின்பே நீக்குங்கள்.

அறிகுறி: ‘பில்டிங் வீல்’ என்று வந்து, சி மொழிப் பிழைகள் பக்கம் பக்கமாக ஓடுகின்றன

ஜாங்கோவுக்கு இதில் சம்பந்தம் இல்லை. 5.2-க்காகப் பைத்தானையும் ஏற்றியிருப்பீர்கள் (5.0 முதல் பைத்தான் 3.10-ஆவது வேண்டும்). கோப்பில் பூட்டி வைத்திருக்கும் பழைய பில்லோ (படங்களைக் கையாளும் லைப்ரரி) பதிப்புக்கோ மைஎஸ்க்யூஎல்கிளையண்ட் (மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தோடு இணைக்கும் லைப்ரரி) பதிப்புக்கோ புதிய பைத்தானுக்கான ஆயத்த வீல் (முன்பே கட்டிவைத்த நிறுவல் கோப்பு) கிடையாது. அதனால் பிப் மூலநிரலை எடுத்து உங்கள் கணினியிலேயே கட்டப் பார்க்கிறது. அந்த லைப்ரரியின் பதிப்பை உயர்த்தினால் பெரும்பாலும் தீரும். மைஎஸ்க்யூஎல்கிளையண்டுக்கு லினக்ஸில் எப்படியும் கட்டுமானக் கருவிகள் வேண்டும்: சி கம்பைலர், பிகேஜி-கான்ஃபிக், மைஎஸ்க்யூஎல் மேம்பாட்டுக் கோப்புகள். போஸ்ட்கிரெஸ் பயன்படுத்துபவர்களுக்கு ‘பிஜி_கான்ஃபிக் கிடைக்கவில்லை’ என்று வந்தால் அதுவும் இதே கதைதான்.

அறிகுறி: நிறுவல் முடிந்தது, செயலி கிளம்பவில்லை, ‘இம்போர்ட் எரர்’

பிழையின் கடைசி வரி எந்தப் பெயர் காணோம் என்று சொல்லும். அதற்கு முந்தைய வரிகளில் உள்ள கோப்புப் பாதைதான் நீங்கள் பார்க்க வேண்டியது. பாதை உங்கள் சொந்த அடைவில் இருந்தால் திருத்தம் எளிது. ஜாங்கோ 4.0-இல் ‘யுகெட்டெக்ஸ்ட்_லேஸி’ போய்விட்டது, ‘கெட்டெக்ஸ்ட்_லேஸி’ என்று எழுதுங்கள். ‘கான்ஃப்.யுஆர்எல்ஸ்’ தொகுதியில் இருந்த ‘யுஆர்எல்’ போய்விட்டது, ‘ரீ_பாத்’ என்று எழுதுங்கள். ‘ஃபோர்ஸ்_டெக்ஸ்ட்’ இருந்த இடத்தில் ‘ஃபோர்ஸ்_ஸ்ட்ரிங்’ என்பதன் சுருக்கமான ‘ஃபோர்ஸ்_எஸ்டிஆர்’. இவற்றைத் தானாகவே மாற்றித் தரும் ‘ஜாங்கோ-அப்கிரேட்’ என்ற கருவியும் உண்டு.

பாதையில் ‘சைட்-பேக்கேஜஸ்’ என்று இருந்தால் குற்றவாளி ஒரு லைப்ரரி. அந்தக் கோப்பை நேரே திறந்து திருத்திவிடலாம் என்று நினைக்காதீர்கள். அடுத்த முறை நிறுவும்போது உங்கள் திருத்தம் அழிந்துபோகும், சர்வரில் அந்தத் திருத்தம் இருக்கவே இருக்காது. லைப்ரரியைப் புதுப்பியுங்கள். புதிய பதிப்பு இல்லையென்றால் அதன் மூலநிரலை உங்கள் திட்டத்துக்குள்ளேயே ஒரு செயலியாகக் கொண்டுவந்து, உரிமக் கோப்போடு வைத்து, கிட்டில் (நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) சேர்த்துத் திருத்துங்கள். அப்போது அது உங்கள் பொறுப்பு என்பது எல்லோருக்கும் தெரியும்.

‘டிஸ்ட்யூட்டில்ஸ் இல்லை’ என்று வந்தால் பைத்தான் 3.12-ஐ எட்டிவிட்டீர்கள் என்று பொருள். அந்தப் பதிப்பில் அதை நீக்கிவிட்டார்கள். ‘செட்டப்டூல்ஸ்’ நிறுவினால் தற்காலிகமாக ஓடும், ஆனால் அதைக் கேட்கிற லைப்ரரி பழசாகிவிட்டது என்பதற்கு இதுவே சான்று.

அறிகுறி: உள்நுழையும்போது 403, வெளியேறும்போது 405

403 (அனுமதி இல்லை) வந்தால் ‘சிஎஸ்ஆர்எஃப்_டிரஸ்டட்_ஆரிஜின்ஸ்’ அமைப்பைப் பாருங்கள். 4.0 முதல் அதில் வெறும் தளப்பெயர் போதாது, முன்னால் ‘எச்டிடிபிஎஸ்’ முதலான நெறிமுறையும் சேர வேண்டும். என்ஜின்எக்ஸ் என்ற வலைச் சர்வர் முன்னால் நின்று பாதுகாப்பு இணைப்பைக் கையாண்டால், ‘செக்யூர்_ப்ராக்ஸி_எஸ்எஸ்எல்_ஹெடர்’ சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். 405 (இந்த முறை ஏற்கப்படாது) என்றால், வெளியேறும் பொத்தான் சாதாரண இணைப்பாக இருக்கிறது. 5.0 முதல் அது போஸ்ட் முறையில் அனுப்பும் படிவமாக இருக்க வேண்டும்.

அறிகுறி: நீங்கள் மாடலைத் தொடவே இல்லை, புதிய மைக்ரேஷன்கள் முளைக்கின்றன

இதை அலட்சியம் செய்பவர்கள் அதிகம் என்பதால் நிதானமாகச் சொல்கிறேன். 3.2 முதல், முதன்மைச் சாவியின் வகையைக் குறிப்பிடாத மாடல்களுக்கு ‘டபிள்யூ042’ என்ற எச்சரிக்கை வரும். எச்சரிக்கை போகட்டும் என்று ‘டிஃபால்ட்_ஆட்டோ_ஃபீல்ட்’ அமைப்பில் ‘பிக்ஆட்டோஃபீல்ட்’ என்று போட்டுவிடுவார்கள். உடனே பழைய மாடல்கள் எல்லாம் ‘என் சாவி மாறிவிட்டது’ என்று மைக்ரேஷன் கேட்கும். உங்கள் செயலிகள் மட்டுமா? சொந்தமாக அந்த வகையை அறிவிக்காத லைப்ரரிகளும் கேட்கும். மேக்மைக்ரேஷன்ஸ் கொடுத்தால் அந்த லைப்ரரிக்கான மைக்ரேஷன் கோப்பு சைட்-பேக்கேஜஸ் அடைவுக்குள் எழுதப்படும். அது கிட்டில் சேராது, சர்வருக்கும் போகாது. ஆனால் அதைச் சார்ந்து நீங்கள் அடுத்து எழுதும் மைக்ரேஷன் சர்வருக்குப் போகும். அங்கே ‘இப்படி ஒரு கணு இல்லை’ என்று மைக்ரேட் நின்றுவிடும்.

பழைய செயலிக்கு ‘ஆட்டோஃபீல்ட்’ என்றே போடுங்கள். இருநூறு கோடிக்கு மேல் எண் தரும் சாவி அது, கூட்டுறவுச் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலுக்கும் கோவில் ரசீதுக்கும் தாராளம். புதிதாக எழுதும் செயலிக்கு மட்டும் அதன் ஆப்-கான்ஃபிக் வகுப்பில் பிக்ஆட்டோஃபீல்ட் கொடுக்கலாம். ஏற்கெனவே கோப்பு முளைத்துவிட்டிருந்தால், அது இன்னும் தரவுத்தளத்தில் ஓடவில்லை என்று ‘ஷோமைக்ரேஷன்ஸ்’ மூலம் உறுதி செய்துகொண்டு அழித்துவிடுங்கள். ஒவ்வொரு லைப்ரரியைப் புதுப்பித்த பின்னும் ‘மேக்மைக்ரேஷன்ஸ்’ கட்டளையைச் ‘செக்’, ‘டிரை-ரன்’ ஆகிய இரண்டு கொடிகளோடும் ஓட்டும் பழக்கம் நல்லது (4.2-க்கு முன்பு ‘செக்’ மட்டும் கொடுத்தால் கோப்பை எழுதிவிடும்). இரண்டும் சேர்ந்தால் எதையும் எழுதாமல், எழுத வேண்டியது இருக்கிறதா என்று மட்டும் சொல்லும்.

அறிகுறி: நேரம் தவறாகக் காட்டுகிறது

நம் நாட்டுக்கென்றே சில கோளாறுகள் இதில் இருக்கின்றன, அவற்றை ஆங்கிலக் கையேடுகளில் தேடினால் கிடைப்பது சிரமம். எவ்வளவு தள்ளிக் காட்டுகிறது என்பதே நோயைச் சொல்லிவிடும்.

சரியாக எட்டு மணி நேரம் முன்னால் போயிருக்கிறதா? மாலை ஆறு மணிக்கு எடை போட்ட லோரியின் சீட்டு மறுநாள் விடியற்காலை இரண்டு மணி என்று காட்டி, அன்றைய கணக்கிலிருந்தே தவறிவிடுகிறதா? ‘யூஸ்_டிஇசட்’ அமைப்பைப் பாருங்கள். ஜாங்கோ 5.0-க்கு முன்பு, அதை எழுதாமல் விட்டால் ‘ஃபால்ஸ்’ என்று பொருள். 5.0 முதல் எழுதாமல் விட்டால் ‘ட்ரூ’. தரவுத்தளத்தில் மலேசிய நேரமாகவே பதிந்திருக்கும் சீட்டுகளை ஜாங்கோ இப்போது உலகப் பொது நேரமாக எண்ணி, மேலும் எட்டைக் கூட்டிக் காட்டுகிறது. அமைப்புக் கோப்பில் ‘ஃபால்ஸ்’ என்று வெளிப்படையாக எழுதிவிடுங்கள், எல்லாம் பழையபடி ஆகும். முறையாகப் பொது நேரத்துக்கு மாறுவது நல்லதுதான், ஆனால் அது தனி வேலை, மேம்படுத்தலோடு கலக்கக் கூடாது. தவறான நேரத்தில் புதிய சீட்டுகள் பதியத் தொடங்குவதற்கு முன் இதைப் பிடித்துவிடுங்கள். பதிந்துவிட்டால் எது பழைய முறை, எது புதிய முறை என்று பிரிப்பது பெரும்பாடு.

ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் பிசகுகிறதா? பழைய நிரலில் ‘பைடிஇசட்’ லைப்ரரியின் நேர மண்டலத்தை டேட்டைம் பொருளுக்குள் நேரடியாகக் கொடுத்திருப்பார்கள். அப்படிக் கொடுத்தால் பைடிஇசட் அந்த மண்டலத்தின் முதல் பதிவான பழங்காலச் சூரிய நேரத்தை எடுத்துக்கொள்ளும். கோலாலம்பூருக்கு அது ஏழு மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு. நாம் இருப்பதோ எட்டில். ஜாங்கோ 4.0 முதல் பைத்தானின் சொந்த ‘ஸோன்இன்ஃபோ’வே இயல்பு, 5.0-இல் பைடிஇசட் ஆதரவு முழுக்க நீக்கப்பட்டது. ஸோன்இன்ஃபோவுக்கு மாறியதும் புதிய பதிவுகள் சரியாகிவிடும், பழைய பதிவுகள் தவறாகவே நிற்கும். பழைய பதிவுக்கு ஒத்துப்போக வேண்டும் என்று புதிய நிரலை வளைக்காதீர்கள். பழைய தரவைத் தனியே திருத்துங்கள். பைடிஇசட்டின் ‘லோக்கலைஸ்’ செயற்கூறு ஸோன்இன்ஃபோவில் கிடையாது என்பதால், அந்தப் பெயரைத் தேடினாலே மாற்ற வேண்டிய இடங்களில் பாதி அகப்பட்டுவிடும்.

மூத்த உறுப்பினர்களின் பிறந்த தேதி மட்டும் ஒரு நாள் பின்னே போகிறதா? கூட்டுறவுச் சங்கப் பதிவேடுகளில் இது நடக்கக்கூடியது. மேற்கு மலேசியா 1982 ஜனவரி 1-இல்தான் எட்டு மணிக் கணக்குக்கு மாறியது. அதற்கு முன் இங்கே ஏழரை மணிக் கணக்கு. பழைய நிரலை எழுதியவர் பிறந்த தேதியை நேரத்தோடு கூடிய புலத்தில் நள்ளிரவு என்று வைத்து, கையாலேயே எட்டு மணி நேரத்தைக் கழித்தும் கூட்டியும் வந்திருப்பார். மேம்படுத்தும்போது நீங்கள் அதை எடுத்துவிட்டு ஸோன்இன்ஃபோவை வைத்தீர்கள். அதற்கு வரலாறு தெரியும். 1970-இல் பிறந்தவருக்கு ஏழரையைத்தான் கூட்டும். நள்ளிரவு பன்னிரண்டு, முந்தைய நாள் இரவு பதினொன்றரை ஆகிவிடும். திரையில் தேதி மட்டும் தெரிவதால் ஒரு நாள் குறையும். 1982-க்குப் பிறகு பிறந்தவர்களின் தேதி சரியாக இருக்கும், அதனால்தான் சோதனையில் இளையவர்களின் பதிவை மட்டும் பார்ப்பவர்கள் இதைத் தவறவிடுவார்கள். தேதி மட்டும் வைக்கும் புலம் ஒன்றைப் புதிதாகச் சேர்த்து, எந்தக் கணக்கில் எழுதினார்களோ அதே எட்டு மணிக் கணக்கில் பழைய மதிப்பைத் தேதியாக்கி அதில் நிரப்புங்கள். காப்புறுதியும் ஓய்வுக்காலப் பணமும் வாங்கப் போகிறவர்கள் அந்தத் தலைமுறைதான். அவர்களுடைய அடையாள அட்டையில் இருக்கும் தேதியும் உங்கள் பதிவேட்டில் இருக்கும் தேதியும் ஒத்துப்போக வேண்டும், இதில் சமரசம் கூடாது.

‘யூஸ்_டிஇசட்’ ட்ரூ ஆகி, மைஎஸ்க்யூஎல் பயன்படுத்துபவர்களுக்கு, தேதிவாரியாகத் தொகுக்கும் அறிக்கைகளில் ‘நேர மண்டல வரையறைகள் நிறுவப்பட்டுள்ளனவா’ என்று கேட்கும் பிழை வரலாம். மைஎஸ்க்யூஎல்லின் நேர மண்டல அட்டவணைகள் காலியாக இருக்கின்றன. ‘மைஎஸ்க்யூஎல்_டிஇசட்இன்ஃபோ_டு_எஸ்க்யூஎல்’ என்ற கருவியால் அவற்றை நிரப்பினால் போதும்.

அறிகுறி: பிழையே இல்லை, ஆனால் பக்கம் அலங்காரமின்றி வருகிறது, அல்லது பதிவேற்றிய படங்கள் காணாமல் போகின்றன

‘ஸ்டாட்டிக்ஃபைல்ஸ்_ஸ்டோரேஜ்’, ‘டிஃபால்ட்_ஃபைல்_ஸ்டோரேஜ்’ என்ற இரண்டு அமைப்புகளும் 5.1-இல் நீக்கப்பட்டன. அமைப்புக் கோப்பில் அவை அப்படியே கிடந்தாலும் ஜாங்கோ கண்டுகொள்ளாது, குறையும் சொல்லாது. உறுப்பினர் படங்களை மேகச் சேமிப்புக்கு அனுப்பிக்கொண்டிருந்த செயலி இப்போது சர்வர் வட்டிலேயே எழுதிக்கொண்டிருக்கும். 4.2-இல் இருக்கும்போதே ‘ஸ்டோரேஜஸ்’ என்ற புதிய அமைப்புக்கு மாறிவிடுங்கள், பழையது, புதியது இரண்டில் எதைக் கொடுத்தாலும் அந்தப் பதிப்பு ஏற்கும். இப்படிச் சத்தமில்லாமல் உடைபவற்றை முன்கூட்டியே பிடிக்க, பழைய பதிப்பில் இருக்கும்போதே பைத்தானை ‘டபிள்யூ-ஏ’ கொடியோடு ஓட்டி எச்சரிக்கைகளை வாசிப்பது நல்ல வழி.

அறிகுறி: என் கணினியில் ஓடுகிறது, சர்வரில் ஓடவில்லை

ரிக்வயர்மெண்ட்ஸ் கோப்பில் பதிப்பு எண் இல்லாத பெயர்கள் இருக்கும். நீங்கள் நிறுவிய நாளில் வந்தது ஒன்று, சர்வரில் இன்று வந்தது வேறொன்று. நீங்கள் நேரடியாகக் கேட்கும் லைப்ரரிகளை மட்டும் ஒரு கோப்பில் எழுதி, ‘பிப்-கம்பைல்’ கொண்டு முழுப் பட்டியலையும் எண்ணோடு இன்னொரு கோப்பாக உருவாக்குங்கள். நிறுவுவது அந்த இரண்டாவது கோப்பிலிருந்து மட்டுமே. பைத்தான் பதிப்பும் இரு பக்கமும் ஒன்றாக இருக்கட்டும்.

சர்வர் என்பது தோட்ட அலுவலகத்திலோ குலை நிலையத்திலோ மேசைக்கடியில் இருக்கும் கணினி என்றால், அங்கே லைன் மெதுவாக இருக்கும், மழை பெய்தால் அதுவும் போய்விடும். பாதி நிறுவலில் அறுந்துபோவதைவிட, ஊரில் நல்ல இணைப்பு இருக்கும் இடத்தில் ‘பிப் வீல்’ கட்டளையால் எல்லாவற்றையும் ஒரு அடைவில் சேர்த்து, பென்டிரைவில் கொண்டுபோங்கள். அங்கே ‘நோ-இண்டெக்ஸ்’, ‘ஃபைண்ட்-லிங்க்ஸ்’ கொடிகளோடு நிறுவினால் இணையம் தேவைப்படாது. வீல்களைச் சேர்க்கும் கணினியின் இயங்குதளமும் பைத்தான் பதிப்பும் சர்வரோடு பொருந்த வேண்டும். விண்டோஸில் சேர்த்த பில்லோ லினக்ஸில் நிறுவப்படாது.

நாள் குறிக்கும்போது கோவில் செயலியைத் தைப்பூசத்தை ஒட்டியும், சங்கத்தின் செயலியைத் தீபாவளியை ஒட்டியும் தொடாதீர்கள். குலை நிலையத்துக்கு லோரிகள் வராத ஞாயிறு மாலை வசதி. பழைய மெய்நிகர் சூழலை இரண்டு வாரமாவது அப்படியே விட்டு வையுங்கள். சிக்கல் வந்தால் செயலியை ஓட்டும் கூனிகார்ன் சேவைக் கோப்பில் பாதையை மாற்றினால் பழையது கிளம்பிவிடும். ஆனால் இடையில் மைக்ரேஷன் ஓடியிருந்தால் பாதையை மாற்றுவது மட்டும் போதாது, தரவுத்தளத்தையும் பின்னே கொண்டுபோக வேண்டும். அதற்காக, மேம்படுத்தும் முன்பே ‘ஷோமைக்ரேஷன்ஸ்’ பட்டியலை அச்சிட்டுச் சர்வர் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள். எந்தச் செயலியை எந்த எண்ணுக்குத் திருப்ப வேண்டும் என்பது அதில் இருக்கும்.